திரும்பி வருபவரும் மாட்டிக்கொண்டவரும்

சேவைத் தொழிலில் விற்கப்படுவதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. சேலையை விரித்துப் பார்க்கலாம். அரிசியை இரண்டு மணி வாயில் போட்டு மெல்லலாம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரையோ, பத்து ஆண்டு கழித்துப் பணம் தரப்போகும் காப்பீட்டையோ முன்கூட்டிச் சோதிக்க வழியில்லை. விமானப் பயணமும் முடிவெட்டலும் உருவாகும்போதே செலவாகிவிடுகின்றன. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே சேவையை வாங்குபவர், போன முறை நடந்ததை வைத்தே அடுத்த முறை எங்கே போவது என்று பெரும்பாலும் முடிவு செய்கிறார். போன முறை நடந்தது நிறுவனத்துக்கும் நினைவிருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்ததுதான், சி.ஆர்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை.

ஊர்த் தையற்கடையின் அளவு நோட்டு இதன் மிக எளிய வடிவம். பெயர், தோள், மார்பு, கை நீளம். ஓரத்தில் ‘இடுப்பில் கொஞ்சம் தளர்ச்சி’ என்று ஒரு குறிப்பு. அடுத்த பொங்கலுக்குத் துணியை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். அந்த நோட்டு வாடிக்கையாளரை இரண்டு விதமாகப் பிடித்து வைக்கிறது. சட்டை நன்றாகப் பொருந்துகிறது என்பதால் அவர் வருகிறார். வேறு கடைக்குப் போனால் மறுபடி அளவு கொடுக்க வேண்டும், முதல் சட்டை சொதப்பினாலும் சொதப்பலாம் என்பதாலும் வருகிறார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டிய பிறகும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

தொழில் பெரிதாகி ஆட்கள் பெருகும்போது நினைவு சிதறுகிறது. ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு 1981-இல் தலைவரான யான் கார்ல்சன் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள்; ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார்கள்; ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 15 விநாடி. ஆக, ஆண்டுக்கு ஐந்து கோடி முறை, பதினைந்து பதினைந்து விநாடியாக, அந்த நிறுவனத்தைப் பற்றிய எண்ணம் பயணிகளின் மனத்தில் உருவாகிறது. டிக்கெட் கொடுத்தவருக்குத் தெரிந்தது பெட்டியை வாங்கிப் போடுபவருக்குத் தெரியாது. பயணிக்கோ இருவரும் ஒரே கம்பெனி.

1983-இல் அமெரிக்கப் பேராசிரியர் லெனார்ட் பெர்ரி, புதிய ஆட்களைப் பிடிப்பதோடு சந்தைப்படுத்தல் முடிவதில்லை, ஏற்கெனவே இருப்பவர்களோடு உறவைக் காப்பதும் அதன் வேலைதான் என்று வாதிட்டார். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தக் கருத்து மென்பொருளாகிவிட்டது. 1993-இல் தொடங்கிய சீபெல் சிஸ்டம்ஸ் பெரிய நிறுவனங்களுக்கு அதை விற்றது. 1999-இல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் இணையம் வழியாக மாத வாடகைக்குக் கொடுத்தது. ஸ்ரீதர் வேம்புவின் சென்னை நிறுவனம் 2005-இல் சோஹோ சி.ஆர்.எம்.மை வெளியிட்ட பிறகு, பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் அது எட்டும் விலையில் கிடைத்தது.

இந்த மென்பொருள் செய்யும் வேலை கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். யார், எப்போது, எதற்காக வந்தார், என்ன வாங்கினார், எதற்குக் கோபப்பட்டார் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறது. எழுதியதை அலசி, யார் அடிக்கடி வருகிறார், யார் வருகை குறைகிறது என்று காட்டுகிறது. கிளையில் சொன்னது கால் சென்டரிலும், கால் சென்டரில் சொன்னது ஆப்பிலும் தெரியும்படி செய்கிறது. மூன்றாவது வேலைதான் கடினம். அதில் தோற்ற நிறுவனங்களை அடையாளம் காண்பது எளிது: பத்து ஆண்டுப் பழைய வாடிக்கையாளரிடம் ஒவ்வோர் அழைப்பிலும் ‘தமிழில் பேச எண் இரண்டை அழுத்தவும்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இனி, விசுவாசம். ஆலன் டிக், குணால் பாசு என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் இதை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று மனத்திலுள்ள விருப்பம், மற்றொன்று திரும்பத் திரும்ப வருதல். இரண்டும் இருந்தால் உண்மையான விசுவாசம். விருப்பம் இருந்தும் வர வாய்ப்பில்லை என்றால் மறைந்திருக்கும் விசுவாசம்; தூரமோ விலையோ தடுக்கிறது. வருகிறார், ஆனால் விருப்பமில்லை என்றால் அது போலி விசுவாசம். இரண்டும் இல்லாதவர் வழிப்போக்கர். தரவுத்தளத்தின் குறை இங்கே தெரிகிறது. வருகையை அது தானாகவே பதிவு செய்துகொள்ளும்; விருப்பத்தை யாராவது கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. அதனால், வேறு வழியில்லாமல் வருபவரையும் மனமுவந்து வருபவரையும் கணினி ஒரே பட்டியலில் போட்டு, இருவருக்கும் ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளர்’ என்று பெயர் வைத்துவிடுகிறது.

இந்தியாவின் செல்பேசிச் சந்தை இதை அப்பட்டமாகக் காட்டியது. நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறிவிடும் என்ற காலத்தில், பிடிக்காத நிறுவனத்திலேயே ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் ஏராளம். வங்கி, உறவினர், வியாபாரத் தொடர்பு எல்லாவற்றுக்கும் புது எண்ணைச் சொல்லி மாளாது. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றானதும், அதுவரை விசுவாசமாகத் தெரிந்த பலவும் வெறும் தொல்லைக்கு அஞ்சிய பொறுமைதான் என்று வெளிப்பட்டது. பிறகு 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. சுமார் 170 நாட்களில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தார்கள். சேர்ந்த பலர் பழைய எண்ணையும் விடவில்லை. இரண்டாவது சிம் போட இடமிருந்ததால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் அவர்கள் அப்போதும் வாடிக்கையாளர்கள்தான். செலவழித்த பணம் மட்டும் இடம் மாறிவிட்டது. மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதை. 2011 அக்டோபர் முதல், காத்திருப்புக் காலத்தில் கழித்த ஆண்டுகளை இழக்காமலேயே வேறு நிறுவனத்துக்கு மாற முடிகிறது.

மாறுவது எளிதாக இருக்கும் தொழிலில் ‘பரவாயில்லை’ என்ற அளவிலான திருப்தியும் போதாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவத்தை ஆராய்ந்து தாமஸ் ஜோன்ஸும் ஏர்ல் சாஸரும் 1995-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ‘முழுத் திருப்தி’ என்று சொன்னவர்கள் மீண்டும் வாங்கும் வாய்ப்பு, வெறும் ‘திருப்தி’ என்று சொன்னவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. ஐந்துக்கு மதிப்பெண் போடும் அளவுகோலில், நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் தொழிலே இருக்கிறது.

அந்த ஒரு மதிப்பெண்ணை எட்ட சி.ஆர்.எம். எப்படி உதவும் என்பதற்கு நன்றாகப் பதிவான உதாரணம், சற்றுச் சங்கடமான ஓர் இடத்திலிருந்து வருகிறது: அமெரிக்காவின் ஹாராஸ் சூதாட்ட விடுதிகள். 1980-களின் இறுதியிலிருந்து 1990-கள் வரை லாஸ் வேகஸில் போட்டியாளர்கள் செயற்கை எரிமலையும் நடன நீரூற்றும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாராஸ் பணத்தைத் தரவில் போட்டது. 1997-இல் ஓர் உறுப்பினர் அட்டை வந்தது. சூதாட்ட இயந்திரத்தில் அதைச் செருகினால், யார் எவ்வளவு நேரம் எவ்வளவு பணம் வைத்து ஆடினார் என்பது பதிவாகும். மறு ஆண்டு, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த கேரி லவ்மன் அந்த நிறுவனத்தின் செயல்பாட்டுத் தலைவரானார்.

தரவு சொன்னது நிர்வாகம் எதிர்பாராதது. வருமானத்தில் 82 சதவீதம் 26 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் நீளக் காரில் வந்திறங்கும் பெரும்புள்ளிகள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், மருத்துவர், ஆலைத் தொழிலாளி போன்றவர்கள். வேலை முடிந்து மாலையில் வந்து ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு எதைக் கொடுத்தால் பிடிக்கும் என்று ஊகிக்காமல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சலுகை: இலவச அறை, இரண்டு வேளை விருந்து, 30 டாலர் ஆட்டக் காசு, மொத்த மதிப்பு 125 டாலர். இன்னொரு குழுவுக்கு 60 டாலர் ஆட்டக் காசு மட்டும். பாதிச் செலவில் இரண்டாவது குழு கூடுதலாக ஆடியது. வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவருக்கு ஓட்டல் அறை எதற்கு?

அவர்கள் கேட்டது வரிசையில் நிற்காத வசதியும் கனிவான பேச்சும். எனவே அட்டைகளை மூன்று தரமாக்கி, மேல்தட்டு அட்டைக்கு வரிசையே இல்லாமல் செய்தார்கள். இரண்டாம் தரத்துக்குச் சிறிய வரிசை, மூன்றாவதற்கு நீண்டது. நீண்ட வரிசையில் நின்றவர் பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார் என்பதும் திட்டத்தின் பகுதிதான். கூடவே, ஊழியர்களின் போனஸை விடுதியின் லாபத்தோடு கட்டாமல் வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண்ணோடு கட்டினார்கள். விடுதி அனுபவத்தில் மிகவும் மகிழ்ந்தவர்களின் செலவு ஆண்டுக்கு 24 சதவீதம் கூடியது, ஏமாந்தவர்களின் செலவு 10 சதவீதம் குறைந்தது என்று லவ்மன் பின்னர் எழுதினார். கூடிய அந்த 24 சதவீதம் சூதாட்டத்தில் தோற்ற பணம் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரை நன்கு அறிவதும் அவருக்கு நன்மை செய்வதும் ஒன்றல்ல. கடன் சுமையால் அந்த நிறுவனத்தின் முக்கியப் பிரிவு 2015-இல் திவாலானபோது, கடன் கொடுத்தவர்களில் சிலர் கட்டடங்களைவிட மேலாகக் கண் வைத்தது இந்த உறுப்பினர் தரவுத்தளத்தின் மீது. அதன் மதிப்பை நூறு கோடி டாலர் என்று சொன்னார்கள்.

ஹாராஸ் கதையிலிருந்து பலரும் எடுத்துக்கொண்டது அட்டையையும் பாயின்ட்டையும் மட்டும். பாயின்ட் திட்டங்களின் தாய்வீடு விமானத் துறை. 1978-இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்க, விலைப்போர் மூண்டது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் தூரத்துக்கு ஏற்ப இலவசப் பயணம் தரும் ஏ-அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவர் யார் என்று கண்டுபிடிக்க, தன் முன்பதிவுக் கணினியில் திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி எண்களைத் தேடி எடுத்தது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் அதே போன்ற திட்டத்தை அறிவித்தது, பிறகு எல்லோரும். எல்லோரிடமும் இருக்கும் சலுகை யாருக்கும் முன்னிலை தருவதில்லை. ஆனால் நிறுத்தவும் முடியாது. பயணிகள் மூன்று நிறுவனங்களின் அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எதில் லாபமோ அதில் ஏறினார்கள். 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும் தூரத்தை விட்டுவிட்டு, செலவழித்த டாலருக்குப் பாயின்ட் என்று மாற்றின. மலிவான டிக்கெட்டில் அடிக்கடி பறந்தவரின் விசுவாசம் நிறுவனத்துக்கு அத்தனை தேவையில்லை என்று கணக்கு சொல்லிவிட்டது.

விசுவாசம் உண்மையில் கூடுவதும் உடைவதும் தவறு நடக்கும்போதுதான். சேவையில் தவறே நடக்காமல் பார்த்துக்கொள்வது இயலாது. மழை பெய்தால் விமானம் தாமதமாகும், சர்வர் நின்றால் பணம் போகாது. புகார் சொன்னவர் மூன்று விதமான நியாயத்தை எடைபோடுகிறார் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள்: இழந்தது கிடைத்ததா, அதைப் பெற எவ்வளவு அலைய வேண்டியிருந்தது, பேசியவர் மரியாதையாகப் பேசினாரா. முதலாவதைப் பணத்தால் தீர்க்கலாம். இரண்டாவது முழுக்க முழுக்க சி.ஆர்.எம்.மின் வேலை. புகார் எண் ஒன்று, அதைப் பொறுப்பேற்க ஓர் ஆள், முன்பு பேசியது அப்படியே அடுத்தவர் திரையில் — இவ்வளவு இருந்தால் ‘முதலிலிருந்து சொல்லுங்க சார்’ என்ற வாக்கியம் தேவைப்படாது. அந்த வாக்கியம் கலைக்கும் நம்பிக்கையைப் பிற்பாடு எந்தத் தள்ளுபடியாலும் ஈடுகட்ட முடிவதில்லை.

கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் டேவ் கேரலுக்கு நடந்தது இதன் உச்சம். 2008-இல் யுனைடெட் விமானப் பயணத்தின்போது அவருடைய கித்தார் உடைந்தது. பழுது பார்க்க ஆன செலவு சுமார் 1,200 டாலர். ஊழியர் மாற்றி ஊழியரிடம் மாதக்கணக்காகப் பேசியும் இழப்பீடு மறுக்கப்பட்டது. 2009 ஜூலையில் அவர் அதைப் பாட்டாக்கி யூடியூபில் போட்டார், உலகமே பார்த்தது. சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்த கதையிலும் இப்படி ஓர் உடைப்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய கிரீஷ் மாத்ருபூதத்தின் தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. மாதக்கணக்கில் நகராத இழப்பீடு, அவர் இணையத்தில் பொதுவெளியில் எழுதிய பிறகு உடனே நகர்ந்தது. புகார்களைக் கையாளும் மென்பொருளுக்கான சந்தை இருக்கிறது என்று பின்னர் அவருக்குப் பட்டதில் அந்த அனுபவத்துக்கும் பங்குண்டு. 2010-இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

தவறைச் சிறப்பாகச் சரிசெய்தால், தவறே நடக்காதவரைவிட அந்த வாடிக்கையாளர் நெருக்கமாகிவிடுவார் என்று ஒரு கருத்து நிலவுகிறது. சில சமயம் அப்படி நடக்கத்தான் செய்கிறது, முதல் தடவை மட்டும். அதே தவறு இரண்டாம் முறை நடந்தால் நேர்த்தியான மன்னிப்புக் கடிதமும் எரிச்சலையே கிளப்பும். தவறு திரும்ப நடக்காமல் இருப்பதே முக்கியம் என்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. சேவைத் தரத்தை அளக்க 1988-இல் ‘சர்வ்குவால்’ அளவுகோலைத் தந்த மூவரில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஏ.பரசுராமன், மற்ற இருவர் வலேரி ஸீதம்லும் மேலே சொன்ன பெர்ரியும். நம்பகம், விரைந்து உதவுதல், உறுதியளிக்கும் திறமை, தனிக்கவனம், கண்ணுக்குத் தெரியும் வசதிகள் என்று ஐந்து கூறுகளை அவர்கள் வகுத்தார்கள். அவர்களுடைய ஆய்வுகளில் வாடிக்கையாளர்கள் முதலிடம் கொடுத்தது நம்பகத்துக்கு: சொன்னதைச் சொன்னபடி செய்வது. சி.ஆர்.எம். மென்பொருள் பெரும்பாலும் மெருகேற்றுவது விரைவையும் தனிக்கவனத்தையும். பிறந்தநாள் வாழ்த்து நேரத்துக்கு வந்து, பணம் நேரத்துக்கு வராத வங்கி, கூறுகளின் வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட வங்கி.

திரையில் எல்லாம் தெரிந்தும் கவுன்ட்டரில் இருப்பவருக்குச் செய்ய அதிகாரமில்லை என்றால் அந்தத் தகவலால் பயனில்லை. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்கள் இதில் பெயர் பெற்றவை. விருந்தினரின் விருப்பங்களை ஊழியர்கள் குறித்து வைப்பார்கள். குறை நேர்ந்தால் மேலாளரைக் கேட்காமலேயே ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை செலவிடும் உரிமை எந்த ஊழியருக்கும் உண்டு. அந்தத் தொகை முழுதாகச் செலவாவது அபூர்வம். கால் சென்டர்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதை வைத்து ஊழியரை எடைபோட்டால், அவர் பிரச்சினையை முடிக்க மாட்டார், அழைப்பை முடிப்பார்.

2002-இல் டாரல் ரிக்பி, ஃபிரெடரிக் ரைக்ஹெல்ட், ஃபில் ஷெஃப்டர் மூவரும் சி.ஆர்.எம். முயற்சிகள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்து நான்கு காரணங்களை எழுதினார்கள். யாரை, எதற்காகத் தக்கவைப்பது என்று தீர்மானிக்கும் முன்பே மென்பொருள் வாங்குவது, நிறுவனத்தின் வேலைமுறையை மாற்றாமல் மென்பொருளை மாட்டுவது, தொழில்நுட்பம் கூடக்கூட நல்லது என்று நம்புவது ஆகிய மூன்றும் எந்த அலுவலகத்திலும் காணக்கூடியவை. நான்காவது, வாடிக்கையாளரின் மனத்தைக் கவர்வதாக நினைத்து அவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது. தனிநபர் கடன் வேண்டுமா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும் அழைப்பை அறியாத இந்தியர் இல்லை. அந்த அழைப்பும் ஒரு சி.ஆர்.எம். பட்டியலிலிருந்துதான் வருகிறது. தொந்தரவு அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காக ஒப்புதலோடு பெற்ற தகவலை வேறு நோக்கத்துக்குத் திருப்புவதை, 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்த வகை செய்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமைக்கும் அதில் இடமுண்டு.

விசுவாசத்தால் பணம் வருமா என்பதில் இரு தரப்பு உண்டு. 1990-இல் ரைக்ஹெல்டும் சாஸரும், விலகிப் போவோரை ஐந்து சதவீதம் குறைத்தால் லாபம் துறைக்கு ஏற்ப 25 முதல் 85 சதவீதம் வரை உயரும் என்று எழுதினார்கள். அந்த எண் இன்றுவரை மென்பொருள் விற்பவர்களின் முதல் வாசகம். 2002-இல் வெர்னர் ரைனார்ட்ஸும் வி.குமாரும் நான்கு நிறுவனங்களின் 16,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஆராய்ந்தபோது, நெடுநாள் உறவுக்கும் லாபத்துக்கும் இடையே இருந்த தொடர்பு அத்தனை வலுவாக இல்லை. பழைய வாடிக்கையாளர்கள் குறைந்த செலவில் சமாளிக்கக்கூடியவர்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. தங்கள் மதிப்பு தெரிந்ததால் அவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், பிந்தையது முந்தையதை நிறைவு செய்கிறது என்று கொள்வதே பொருத்தம்: எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைவிட ஏன் இருந்தார் என்பது லாபத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த ‘ஏன்’ என்பதை அளக்க 2003-இல் ரைக்ஹெல்ட் ஒரே ஒரு கேள்வியை முன்வைத்தார்: எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுங்கள். ஒன்பதும் பத்தும் கொடுத்தவர் ஆதரவாளர். ஏழும் எட்டும் கணக்கில் சேராது. ஆறும் அதற்குக் கீழும் எதிர்ப்பாளர். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் நிகர மதிப்பெண். எளிமையால் உலகெங்கும் பரவிய இந்த முறை, ஊழியரின் ஊக்கத்தொகையோடு இணைக்கப்பட்ட இடங்களில் கெட்டது. வண்டியை சர்வீஸ் செய்து கொண்டுவந்து விடும் பையன் ‘போன் வரும் சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க, இல்லேன்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்க’ என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறான். இரக்கப்பட்டுப் போட்ட பத்தும் மனமாரப் போட்ட பத்தும் தலைமையகத்தின் வரைபடத்தில் ஒரே உயரத்தில் நிற்கும். கவனமான நிறுவனங்கள் அதனால் மதிப்பெண்ணைத் தனியாக நம்புவதில்லை. பத்து போட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த சர்வீஸுக்கு வந்தார்கள், எத்தனை பேர் வேறொருவரை அழைத்து வந்தார்கள், விலகிப் போனவர்கள் கடைசியாகப் பேசியது எந்தப் புகாரைப் பற்றி என்பதையும் பக்கத்தில் வைத்தே அதைப் படிக்கின்றன.